பழைய காருக்குப் பெரிய என்ஜின் தேடும்போது பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்

என் மாரிஸ் மைனருக்காக நான் வாங்கிய முதல் 1275 சி.சி. என்ஜின் ஒருநாள்கூட அந்தக் காரில் உட்காரவில்லை. விற்றவர் பொய் சொல்லவில்லை. அது ஏ-சீரிஸ்தான் (பழைய பிரிட்டிஷ் சின்னக் கார்களில் வந்த என்ஜின் குடும்பம்), 1275தான். என் காரில் இருந்த 1098-ம் அதே குடும்பம். ஆனால் இது மினி வகைக் காரில் குறுக்காக உட்கார்ந்திருந்த என்ஜின். அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப் இல்லை என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கேயோ தொலைந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மினியில் சம்ப் இருக்க வேண்டிய இடத்தில் கியர்பாக்ஸே இருக்கும். அதைவிட முக்கியம், அந்த என்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டு) வால் கூம்பாகக் குறுகிப் போகும். என் காரில் அந்த வாலில் மாட்டும் ஃப்ளைவீல் சக்கரத்துக்கோ போல்ட் போட்டு முடுக்கத் தட்டையான விளிம்பு (ஃப்ளாஞ்ச்) வேண்டும். செயின் பிளாக்கில் அதைத் தொங்கவிட்டுவிட்டு நான் முழித்துக்கொண்டு நிற்க, மெக்கானிக் அண்ணன் சொன்னார்: “தம்பி, சி.சி.யைப் பார்த்தீங்க. வாலைப் பார்க்கலையே.”

அதிலிருந்து யார் என்னிடம் “எந்த என்ஜின் போடலாம்?” என்று கேட்டாலும், பானெட்டைத் திறக்காமல் காரின் பின்னால் கூட்டிக்கொண்டு போகிறேன். பின் அச்சில் தொடங்கி முன்னால் நடந்து வந்தால், எந்த என்ஜின் போடலாம் என்பதைப் பாதிக்குமேல் காரே சொல்லிவிடும்.

நடக்கும் முன் ஒரு கேள்வி. இப்போது இருக்கும் என்ஜினில் உங்களுக்கு எது குறை? மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, நெடுஞ்சாலையில் கத்துகிறதா, இல்லை சும்மா ஆசையா? ஆசை தப்பில்லை, ஆனால் முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுங்கள். அதிக வேகம்தான் வேண்டும் என்றால் கணக்கு உங்கள் பக்கம் இல்லை. வேகம் கூடக் கூடக் காற்றின் எதிர்ப்புக்குத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும்; வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். குதிரைத்திறனை இரட்டிப்பாக்கினாலும் உச்ச வேகம் ஏறக்குறைய 26 சதவீதம்தான் கூடும். மைனரின் 1098 என்ஜின் 48 குதிரைத்திறன், எம்.ஜி. மிட்ஜெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த 1275 என்ஜினோ 65 குதிரைத்திறன். காகிதத்தில் 35 சதவீதம் அதிகம். உச்ச வேகத்தில் அது பத்து சதவீதம் தந்தால் பெரிய விஷயம். ஆனால் மேட்டில் கியர் இறக்காமல் போகலாம், லாரியைத் தாண்டும்போது பல்லைக் கடிக்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்த்து மயங்காதீர்கள் என்பதற்கு இரண்டு என்ஜின்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். ஹோண்டா எஸ்2000-இல் வந்த 2 லிட்டர் என்ஜின் 240 குதிரைத்திறன். ஆனால் அது கிடைப்பது 8,300 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), உச்ச டார்க், அதாவது முறுக்கு விசை, 208 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 7,500-இல். 1973-இல் எம்.ஜி.பி. ஜி.டி. காரில் போட்ட ரோவர் 3.5 லிட்டர் வி8 வெறும் 137 குதிரைத்திறன்தான். ஆனால் 2,900 ஆர்.பி.எம்.மிலேயே 260 நியூட்டன் மீட்டருக்கு மேல் தரும். அதாவது என்ஜின் சாவகாசமாகச் சுற்றும்போதே நூறு குதிரைக்குமேல் கையில் இருக்கும். நீளமான கியர், கனமான ஸ்டீயரிங் வைத்த பழைய காரை 8,000 ஆர்.பி.எம்.மில் பிழிந்துகொண்டே ஓட்டுவது ஒரு மாதத்தில் அலுத்துப்போகும். தெருவில் ஓட்டும் காருக்கு என் ஓட்டு, கீழிருந்தே இழுக்கும் என்ஜினுக்குத்தான். விற்பவரிடம் எத்தனை எச்.பி. என்று மட்டும் கேட்காமல், உச்ச டார்க் எந்த ஆர்.பி.எம்.மில் என்றும் கேளுங்கள்.

சரி, இப்போது பின்னால் போவோம்.

டிஃபரன்ஷியலும் (சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல் சக்கரக் கூடு) அச்சுத் தண்டுகளும் எவ்வளவு தாங்கும்? முதல் கியர் 3.6, டிஃபரன்ஷியல் 4.2 என்று வைத்துக்கொண்டால், என்ஜின் தரும் முறுக்கு பின் அச்சுக்குப் போகும்போது 15 மடங்காகிவிடும். 100 நியூட்டன் மீட்டர் என்ஜின் என்றால் அங்கே 1,500. வி8-இன் 260 என்றால் 3,900. நாற்பது குதிரைக்காகச் செய்த தண்டு அதைத் தாங்காது. சிக்னலில் கிளட்சைச் சட்டென்று விட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆக, அச்சையும் மாற்றத் தயாரா, இல்லை அச்சு தாங்கும் அளவுக்குள் என்ஜினை வைக்கிறோமா என்பதை இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

டிஃபரன்ஷியல் விகிதமும் முக்கியம். என் காரில் 4.22. மிட்ஜெட்டின் 3.9 அதே கூட்டுக்குள் பொருந்தும். மாற்றியதும், முன்பு 4,000 ஆர்.பி.எம்.மில் போன அதே வேகத்தில் இப்போது 3,700. நெடுஞ்சாலையில் காதுக்குக் கிடைத்த நிம்மதியில் பாதி என்ஜினால் வந்ததே இல்லை, இந்தப் பல் சக்கரத்தால் வந்தது. சிலருக்கு இது ஒன்றே போதும்; என்ஜினைத் தொடவே வேண்டாம்.

அடுத்தது பிரேக். இதில் சமரசமே கிடையாது. வேகம் 26 சதவீதம் கூடினால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 59 சதவீதம் கூடுகிறது. டிரம் பிரேக்கில் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை; மூன்றாவது முறை அழுத்தும்போது பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. பிரேக்கை முதலில் மாற்றி, பழைய என்ஜினோடு இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இந்த வரிசையில் செய்த யாரும் வருத்தப்பட்டதில்லை.

கியர்பாக்ஸில்தான் என்னைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறோம். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் பார்க்க வேண்டியவை நான்கு: பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் கூட்டின்) போல்ட் துளைகள், கிளட்ச் பிளேட்டின் நடுவில் உள்ள பற்கள், ஸ்டார்ட்டர் மோட்டார் எந்தப் பக்கம், கிராங்க் ஷாஃப்ட் வாலில் உள்ள புஷ் என்ற சின்ன உலோக வளையம். இந்த நான்காவதை யாரும் பார்ப்பதில்லை. கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டின் மூக்கு அந்த புஷ்ஷுக்குள்தான் சுற்றும். ஆட்டோமேட்டிக் காரிலிருந்து கழற்றிய என்ஜினில் பல சமயம் அதற்கான துளையே கடைந்திருக்க மாட்டார்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், விரலை விட்டுப் பாருங்கள். துளை இல்லாவிட்டால் கிராங்க்கைக் கழற்றி லேத்துக்கு அனுப்பும் அளவுக்குப் போய்விடும். முடிந்தால் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒட்டியபடியே வாங்குங்கள். அதைவிட நல்லது, அடிபட்ட முழுக் காரையே வாங்குவது. தூக்கிப் போடத் தோன்றும் சின்ன பிராக்கெட்தான் பிறகு மூன்று வாரம் தேட வைக்கும்.

இப்போதுதான் பானெட். டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் அளப்பது எல்லோரும் செய்வதுதான். அடிபடுவது வேறு இடத்தில். சம்ப்பின் ஆழமான பகுதி முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? காரின் குறுக்குச் சட்டம் எங்கே ஓடுகிறது? இரண்டும் ஒரே இடத்தில் என்றால் என்ஜின் இறங்காது; சம்ப்பை வெட்டி ஒட்ட வேண்டும், ஆயில் உறிஞ்சும் குழாயையும் இடம் மாற்ற வேண்டும். சைலன்சர் குழாய் இறங்கும் பக்கத்தில் ஸ்டீயரிங் தண்டு வருகிறதா? முன் சக்கர ஓட்டக் காரின் என்ஜினைத் திருப்பி நீளவாக்கில் வைத்தால், தண்ணீர்க் குழாய் வாய் பல சமயம் டேஷ்போர்டுச் சுவரில் போய் முட்டும். பானெட் உயரத்துக்கு ஒரு வழி: ஏர் ஃபில்டர் மேல் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். களிமண் நசுங்கி எவ்வளவு மிஞ்சியதோ, அதுதான் இடைவெளி. என்ஜின் மவுண்டிங்கில் ஆடும் என்பதால் ஒரு விரல் தடிமனாவது மிஞ்ச வேண்டும்.

கார் கம்பெனிகளே இதில் திணறியிருக்கின்றன. 1964-இல் சன்பீம் ஆல்பைன் காருக்குள் ஃபோர்டின் 4.3 லிட்டர் வி8-ஐத் திணித்து டைகர் என்று விற்றார்கள். இடம் போதாமல் ஸ்டீயரிங் அமைப்பையே ரேக் அண்ட் பினியனாக மாற்ற வேண்டியிருந்தது. கடைசி ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற, காருக்குள்ளிருந்து சுவரில் ஒரு துளை வைத்து ரப்பர் மூடி போட்டார்கள். என்ஜினை இறக்கிப் பார்க்கும்போதே எல்லா ஸ்பார்க் பிளக்குக்கும் ஸ்பேனர் போகிறதா என்று பாருங்கள். ஆயில் ஃபில்டருக்கும் அப்படித்தான்.

எடையில் சி.சி.யை நம்ப வேண்டாம். அந்த ரோவர் வி8 அலுமினியம் என்பதால், இரண்டு மடங்கு பெரிதாக இருந்தும் எம்.ஜி.பி.யின் வார்ப்பிரும்பு நான்கு சிலிண்டர் என்ஜினைவிடப் பெரிதாகக் கனக்கவில்லை. முன்பக்கம் எடை ஏறினால் ஸ்டீயரிங் கனக்கும், ஸ்ப்ரிங் உட்காரும், வளைவில் கார் நேராகப் போகவே பார்க்கும்.

மற்றவை சுருக்கமாக. ரேடியேட்டரைப் பெரிதாக்குங்கள், எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குத்தான் போகிறது. இன்ஜெக்‌ஷன் என்ஜின் என்றால் பெட்ரோல் அழுத்தம் மூன்று பார் அளவில் இருக்கும். கார்புரேட்டர் காலத்து ரப்பர் குழாய் ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள். மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். அதை மாற்றாமல் நான் ஆல்டர்னேட்டரை இணைத்தேன். டயோடுகள் எரிந்த வாசனை இன்னும் ஞாபகம் இருக்கிறது. காகித வேலை இடத்துக்கு இடம் மாறும். பதிவு, சோதனை, காப்பீடு மூன்றையும் என்ஜினுக்குக் காசு கொடுக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

வாங்கும் நாளில் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கருவி) கொண்டு போங்கள். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட, சிலிண்டர்களுக்கிடையே வித்தியாசம் எவ்வளவு என்பதே முக்கியம். ஒன்று மட்டும் கீழே கிடந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது; ஏறாவிட்டால் வால்வு, இல்லையென்றால் கேஸ்கெட். எப்படியும் பிரித்துச் சரி செய்யத்தான் போகிறீர்கள் என்றால் பேரம் பேச இது உதவும்.

கடைசியில் என் காரில் உட்கார்ந்தது மாரிஸ் மெரினாவிலிருந்து வந்த 1275. நீளவாக்கில் வைத்த என்ஜின், வால் சரியான வால். சம்ப்பையும் முன் தகட்டையும் என் பழைய 1098-லிருந்து எடுத்து மாட்டினோம். அதற்குப் பிறகு 1098-ஐ விற்கத் தோன்றவில்லை; சிலிண்டர்களில் ஆயில் விட்டு, பிளக்கை முடுக்கி மூலையில் வைத்திருக்கிறேன். முதலில் வாங்கிய அந்த 1275-ஐ மினி வைத்திருக்கும் ஒருவர் வந்து பார்த்தார். நேராக அடியில் குனிந்து, டார்ச் அடித்து, கிராங்க்கின் வாலைப் பார்த்தார். அப்புறம்தான் விலையே கேட்டார்.