நியூயார்க்கில் பழைய தண்டனைப் பதிவை முத்திரையிடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

தண்டனையை முழுமையாக அனுபவித்து முடித்த ஒருவர் வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும், பல ஆண்டுகளுக்கு முந்தைய அதே வழக்கு குறுக்கே வந்து நிற்பது நியாயமாகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பதிவை முத்திரையிட, அதாவது பொதுப் பார்வையிலிருந்து மறைத்து வைக்க, நியூயார்க் மாநிலம் இரண்டு வழிகளைத் திறந்திருக்கிறது. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160.59 பிரிவு, அதிகபட்சம் இரண்டு தண்டனைகளை, அவற்றிலும் ஒரே ஒரு ஃபெலனியை (கடுமையான குற்றத்தை) மட்டும், நீதிமன்றத்தில் மனுச் செய்து முத்திரையிட அனுமதித்தது. ஆளுநர் கேத்தி ஹோக்குல் 2023 நவம்பரில் கையெழுத்திட்டு, 2024 நவம்பர் 16 முதல் நடப்பில் இருக்கும் ‘கிளீன் ஸ்லேட்’ சட்டமோ அந்த எண்ணிக்கை வரம்பை நீக்கி, மனுவே இல்லாமல் பதிவுகள் தாமாக முத்திரையிடப்பட வகை செய்தது. ஆகவே முன்பு தகுதி இல்லை என்று கேட்டுத் திரும்பியவர்கள் இப்போது மீண்டும் ஒருமுறை கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் படி: உங்கள் பதிவைக் கையில் வாங்குங்கள்

நினைவை நம்பித் தொடங்காதீர்கள். மாநிலக் குற்றவியல் நீதிப் பணிகள் பிரிவிடம் கைரேகை கொடுத்து, உங்கள் சொந்தக் குற்றப் பதிவின் நகலைப் பெறலாம். முத்திரையிடப்பட்டவை உட்பட எல்லாவற்றையும் காட்டும் முழு நகல், முத்திரையிடப்பட்டவற்றை மறைத்த நகல் என்று இது இரண்டு விதமாகக் கிடைக்கும். தொடக்கத்தில் முழு நகலைக் கேளுங்கள். அதில் ஒவ்வொரு வழக்குக்கும் எதிரே கைதான நாள், குற்றச்சாட்டு, இறுதியில் எந்தக் குற்றத்துக்குத் தண்டனை விதிக்கப்பட்டது ஆகியவை இருக்கும். கைதானபோது சாட்டப்பட்ட குற்றமும் தண்டனை பெற்ற குற்றமும் பல வழக்குகளில் வேறுபடும். தகுதியைத் தீர்மானிப்பது பின்னதுதான்.

இரண்டாம் படி: குற்றத்தின் வகையைப் பாருங்கள்

பாலியல் குற்றங்கள் இரண்டு வழிகளிலும் சேராது. மிகக் கடுமையான ஏ வகுப்பு ஃபெலனிகளில் போதைப்பொருள் தொடர்பானவை மட்டும் புதிய சட்டத்தில் சேரும். கொலை போன்றவை சேரா. பழைய பிரிவு முற்றிலும் விலக்கிய வன்முறை ஃபெலனிகளுள் ஏ வகுப்புக்குக் கீழே உள்ளவை புதிய சட்டத்தில் இடம்பெற்றிருப்பது பெரிய மாற்றம். கூட்டாட்சி நீதிமன்றத்திலோ வேறு மாநிலத்திலோ பெற்ற தண்டனைகளை இரண்டு வழிகளுமே தொடுவதில்லை.

மூன்றாம் படி: நாள்கணக்குப் போடுங்கள்

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான் என்பதால் நிதானமாகப் பாருங்கள். புதிய சட்டத்தின்படி மிஸ்டிமீனருக்கு (ஃபெலனியைவிடச் சிறிய குற்றத்துக்கு) 3 ஆண்டுகள், ஃபெலனிக்கு 8 ஆண்டுகள் கழிய வேண்டும். குற்றம் நடந்த நாளையோ கைதான நாளையோ வைத்து எண்ணக் கூடாது. தண்டனை விதிக்கப்பட்ட நாளிலிருந்து, சிறை சென்றிருந்தால் விடுதலையான நாளிலிருந்து எண்ண வேண்டும். எடுத்துக்காட்டாக, 2012 ஜூனில் ஃபெலனித் தண்டனை பெற்று 2014 ஜூனில் வெளியே வந்தவருக்கு எட்டாண்டு 2022 ஜூனில்தான் நிறைகிறது. அதோடு, பரோலோ நன்னடத்தைக் கண்காணிப்போ முடிந்திருக்க வேண்டும். நிலுவையில் வழக்கு எதுவும் இருக்கக் கூடாது. இடையில் புதிய தண்டனை பெற்றிருந்தால் கணக்கு மறுபடியும் தொடங்கும்.

நான்காம் படி: காத்திருப்பதா, மனுச் செய்வதா?

தகுதியான பழைய பதிவுகளை எல்லாம் முத்திரையிட்டு முடிக்க நீதிமன்ற நிர்வாகத்துக்கு 2027 நவம்பர் 16 வரை அவகாசம் தரப்பட்டுள்ளது. சிறையில் கழித்த காலம் நீங்கலாகப் பத்து ஆண்டுகள் கடந்து, பழைய பிரிவின் வரம்புக்குள்ளும் வருபவர்கள் அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. வேலையோ தொழில் உரிமமோ இன்றே தேவைப்படுபவருக்கு மனுதான் பொருத்தமான வழி.

ஐந்தாம் படி: மனுவைத் தயாரியுங்கள்

தண்டனை விதித்த நீதிமன்றத்தின் எழுத்தரிடம் வழக்கு முடிவுச் சான்றிதழைப் பெற்று மனுவுடன் இணைக்க வேண்டும். இரண்டு தண்டனைகள் இருந்தால், அவற்றுள் கடுமையானதை விதித்த நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். மாவட்ட அரசு வழக்கறிஞருக்கும் ஒரு நகல் சேர வேண்டும். ஆட்சேபிப்பதானால் அவர் 45 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

மனுவின் உயிர், ஏன் முத்திரையிட வேண்டும் என்று நீங்கள் சத்தியம் செய்து எழுதும் வாக்குமூலம்தான். “நான் திருந்திவிட்டேன்” என்ற ஒற்றை வரி நீதிபதிக்கு எதையும் காட்டாது. எந்த ஆண்டிலிருந்து எங்கே வேலை செய்கிறீர்கள், எந்தச் சிகிச்சையை முடித்தீர்கள், எந்தப் படிப்பில் சேர்ந்தீர்கள், இந்தப் பதிவால் எந்த வாய்ப்பு எந்த மாதத்தில் கைநழுவியது என்று நாளும் சான்றுமாக எழுதுங்கள். கடந்துபோன காலம், குற்றத்தின் கடுமை, உங்கள் நடத்தை, பாதிக்கப்பட்டவரின் கருத்து, பொதுமக்களின் பாதுகாப்பு ஆகியவற்றை நீதிபதி எடைபோடுவார்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

முத்திரையிடுவது என்பது அழிப்பது அன்று. காவல்துறையும் நீதிமன்றங்களும் துப்பாக்கி உரிமம் வழங்குவோரும் அந்தப் பதிவைத் தொடர்ந்து பார்க்க முடியும். கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டத்தின் பார்வையில் அந்தத் தண்டனை அப்படியே நிற்கிறது. பச்சை அட்டைக்கோ குடியுரிமைக்கோ விண்ணப்பிக்கும் படிவங்கள் முத்திரையிடப்பட்ட வழக்குகளையும் சேர்த்தே கேட்கின்றன; அங்கே “இல்லை” என்று எழுதுவது பழைய வழக்கைவிடப் பெரிய கேட்டைக் கொண்டுவரும். ஆகவே குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் அந்தப் படிவங்களில் கையெழுத்திடாதீர்கள். வேண்டிய ஆவணங்களின் சான்றிட்ட நகல்களையும், பதிவு மூடப்படும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: முத்திரை விழுந்ததா என்று பாருங்கள்

இப்போது இரண்டாவது வகை நகலை, அதாவது முத்திரையிடப்பட்டவற்றை மறைத்த நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் அந்த வழக்கு இருக்கக் கூடாது. பின்னணிச் சரிபார்ப்பு நடத்தும் தனியார் நிறுவனங்கள் பழைய தரவையே வைத்திருக்கக்கூடும். அப்படி ஓர் அறிக்கை வந்தால், முத்திரையிட்டதற்கான சான்றின் நகலோடு எழுத்துமூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். கூட்டாட்சியின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டப்படி பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் அதை விசாரித்துத் திருத்த வேண்டும்.