ஸ்கூட்டர் வாங்கலாமா? முதலில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் சின்ன நோட்டில் எழுதுங்கள்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், அதில் சும்மா நின்றது எவ்வளவு. என் 9 கிலோமீட்டர் பயணத்தில் பாதி நேரம் பஸ்ஸுக்குக் காத்திருப்பதிலேயே போனது. அதனால் வாங்கினேன். உங்கள் நோட்டு வேறு மாதிரி சொன்னால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் சாலை. ஸ்கூட்டர் சக்கரம் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலம்தான். பைக்குக்கு 17, 18. சின்னச் சக்கரம் குழிக்குள் நன்றாக இறங்கும், என் முதுகே சாட்சி. வழியெல்லாம் குழி என்றால் 12 அங்குலமே பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது வழவழப்பான ரோட்டில் சுற்றாதீர்கள். பின்னால் ஒருவரை உட்காரவைத்து வேகத்தடை மேல் ஏற்றுங்கள். நின்றால் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும்.

மின்சார ஸ்கூட்டரா? நிறுத்துமிடத்தில் பிளக் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. கழற்றும் பேட்டரி இல்லாவிட்டால் மூன்றாவது மாடிக்கு வண்டியைத் தூக்கிக்கொண்டா போவீர்கள்?

செலவில் காப்பீடு, சர்வீஸ், டயர், பார்க்கிங், நல்ல ஹெல்மெட் எல்லாம் சேரும். அந்த ஹெல்மெட்டைக் கையோடு கொண்டுபோய் சீட்டுக்கு அடியில் வைத்து மூடிப் பாருங்கள். எனக்கு மூடவில்லை, இன்றுவரை கொக்கியில்தான் தொங்குகிறது.