பக்கம் மாத்தினா குறி மாறும்னு மனப்பாடம் பண்ண பையனுக்கு நான் சொல்லிக் குடுத்தது

ரங்கூன்ல அக்கா பையனுக்கு சமன்பாடு சொல்லிக்குடுக்க உக்காந்தா, "மாமா, அந்தப் பக்கம் போனா ப்ளஸ் மைனஸ் ஆயிரும்"னு மந்திரம் மாதிரி ஒப்பிக்கிறான், ஏன்டானு கேட்டா முழிக்கிறான். அந்த மந்திரத்த மறக்கச் சொல்லிட்டு டீக்கடை பில்லு ஒண்ணு போட்டேன்: 3 டீ, 900 சாட்டுக்கு (பர்மா காசு) சமோசா, மொத்தம் 6900. ஒரு டீ எவ்ளோ?

ஒரு டீ விலைய எக்ஸ்னு வெச்சா, 3எக்ஸ் + 900 = 6900. ரெண்டு பக்கமும் 900 கழி, 3எக்ஸ் = 6000, ரெண்டு பக்கமும் 3ஆல வகு, எக்ஸ் = 2000. எதுவும் எங்கயும் போகல, ரெண்டு பக்கமும் ஒரே வேலை, அவ்ளோதான். சமக்குறின்னா "விடை வருது"னு அவன் நெனச்சிருந்தான். 1557ல ராபர்ட் ரெக்கார்ட்ங்கற கணித அறிஞர் சமக்குறியா ரெண்டு இணைகோடு போட்டதே, இதவிட சமமான ரெண்டு பொருள் இல்லன்னுதான்.

அப்புறம் 5எக்ஸ் − 7 = 2எக்ஸ் + 8. மொதல்ல 2எக்ஸ கழிச்சா 3எக்ஸ் − 7 = 8, 7 கூட்டினா 3எக்ஸ் = 15, எக்ஸ் = 5. திரும்பப் போட்டுப் பாக்க வெச்சேன், ரெண்டு பக்கமும் 18.

பின்னம்தான் இன்னும் இழுக்குது. எக்ஸ்/4 + 3 = 10ல 4ஆல பெருக்கும்போது 3ஐ விட்டுர்றான், அது 12 ஆகணும், அப்பதான் எக்ஸ் 28.