உணவுப் புதிர் பொம்மை வாங்கும் முன் நாயின் வாயைக் கவனியுங்கள்

எங்கள் லாப்ரடார் ஒரு கிண்ணம் உணவை ஒரே நிமிடத்தில் விழுங்கிவிட்டு, மீதிப் பொழுதெல்லாம் கடிப்பதற்குச் செருப்பைத் தேடி அலைந்தபோதுதான், உணவை உள்ளே அடைத்து நாயையே முயன்று எடுக்க வைக்கும் பொம்மைகளை நான் நாடினேன். நாய்க்கு மோந்து, நக்கி, உருட்டி உணவைத் தேடுவதே ஒரு வேலை. கிண்ணம் அந்த வேலையைப் பறித்துவிடுகிறது.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது துளைகளை. ஒரே ஒரு துளையுள்ள உருண்டைப் பந்தை நாய் நக்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறி, நாக்கு உள்ளே உறிஞ்சப்பட்டு வீங்கிச் சிக்கிக்கொள்ளலாம். அது உயிருக்கே ஆபத்தான நிலை. ஆகவே மறுமுனையில் காற்றுப் போக இன்னொரு துளை இல்லாத பொம்மை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது பொம்மையின் கடினத்தன்மை. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பொம்மை சற்றேனும் அமுங்க வேண்டும். அமுங்காத பொருள் நாயின் மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிடக்கூடும். 1970களில் அமெரிக்கரான ஜோ மார்க்கம், கல்லைக் கடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்ட தம் ஜெர்மன் ஷெப்பர்டு ஒரு வேனின் ரப்பர் பாகத்தை விரும்பிக் கடிப்பதைக் கண்டுதான் 'காங்' பொம்மையை உருவாக்கினார். அதில் சிவப்பு பொதுவானது, கறுப்பு வலுவாகக் கடிக்கும் நாய்களுக்கானது. அளவைப் பொறுத்தவரை, முழுப் பொம்மையும் கோரைப்பற்களைத் தாண்டி வாய்க்குள் போகக் கூடாது. வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் பெரியதன் வாயை அளவாகக் கொண்டு வாங்கி, தனித்தனி அறையில் கொடுங்கள்.

பக் போன்ற தட்டை முக நாய்களுக்கும் பல் விழுந்த கிழநாய்களுக்கும் ஆழமில்லாத பொம்மையோ, உணவைத் தடவி நக்கக் கொடுக்கும் நக்கு விரிப்போ போதும். மூடியை நகர்த்தித் திறக்கும் பிளாஸ்டிக் புதிர்ப் பலகைகளை நீங்கள் அருகில் அமர்ந்திருக்கும்போது மட்டுமே கொடுக்கலாம்.

முதல் நாள் உலர் உணவை லேசாகப் போட்டு, ஒரு தட்டு தட்டினாலே கொட்டும்படி விடுங்கள். நாய் பழகிய பிறகு இறுக்கி அடைக்கலாம், பின்னர் உறைய வைத்தும் கொடுக்கலாம். குரைத்துவிட்டு விலகிப் போனால் புதிர் கடினமாகிவிட்டது என்று பொருள். உடனே எளிதாக்குங்கள், இல்லையேல் அந்தப் பொம்மையையே அது வெறுத்துவிடும்.

உள்ளே வைப்பதை அன்றாட உணவிலிருந்தே எடுங்கள். கூடுதல் தின்பண்டம் நாளின் கலோரியில் 10 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். உலர் திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்னும் சர்க்கரை மாற்று இனிப்பு கலந்த வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவை நஞ்சு. நாங்கள் உப்பில்லாத தயிர்ச்சோற்றைப் பிசைந்து அடைக்கிறோம். வெயில் காலத்தில் அது விரைவில் புளித்துவிடுவதால், நாய் விட்டு நகர்ந்ததும் எடுத்துக் கழுவிவிடுவேன். பாட்டில் கழுவும் பிரஷ் அடிவரை எட்டாத பொம்மையின் மடிப்புகளில் சோற்றுப்பருக்கை தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அதனால் வாங்கும்போதே உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.