ஐரிஷ் பாட்டை எழுத்துக்கூட்டிப் பாடாதீர்கள்

டப்ளினில் ஒரு கொயரில், அதாவது சேர்ந்திசைக் குழுவில், ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடி ஒன்பது வருடம் ஆகிறது. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாகச் சேருகிறவர்களைப் பார்த்தால், பழைய நானே எதிரில் வந்து உட்கார்ந்திருப்பது போல இருக்கும். நேரத்துக்கு வருவது, பென்சில் கொண்டுவருவது எல்லாம் கொயர் மாஸ்டரே சொல்லிவிடுவார். நான் அதற்குள் போகவில்லை. அயர்லாந்துப் பாட்டுகளில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

கண்ணால் படித்து மனப்பாடம் செய்வது

அயர்லாந்தின் தேசிய கீதத்துக்கு 'ஔரான் ந வீயன்' என்று பெயர். படைவீரர்களின் பாட்டு. முதல்முறை தாள் கைக்கு வந்தபோது, ஆங்கிலம் போல எழுத்துக்கூட்டி, 'அம்ஹரான் நா பிஃபியான்' என்று தலைப்பிலிருந்தே தொடங்கி வரிக்கு வரி தமிழில் எழுதிக்கொண்டேன். இரண்டு மாதம் பஸ்ஸிலும் அடுப்படியிலும் அதையே உருப்போட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு புதியவர்கள் வேறு என் தாளைப் படம்பிடித்துக்கொண்டார்கள்.

கச்சேரிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆல்ட்டோ வரிசையைத் தனியாகப் பாடச் சொன்னார் மாஸ்டர். முதல் சொல்லிலேயே கையைத் தூக்கி நிறுத்தினார். 'ஷின்ய' என்று எடுக்க வேண்டிய இடத்தில் நாங்கள் மூவரும் 'சின்னே'. அன்றைய ஒத்திகை எங்கள் மூவருக்கே போனது. தப்பாக ஏறியது பத்து நாளில் இறங்கவுமில்லை. மேடையில் நான் வாயை மட்டும்தான் அசைத்தேன்.

எழுத்துமுறை பார்க்கத்தான் மிரட்டும். 'எஸ்' பக்கத்தில் 'ஈ' அல்லது 'ஐ' நின்றால் 'ஷ'. 'வீயன்' என்ற சொல் 'பி', 'எச்', 'எஃப்' என்று தொடங்கும்; மூன்றும் சேர்ந்து ஒரே 'வ'. தனியாக நின்றால் அது 'ஃபீயன்'. முன்னால் 'ந' வந்ததால் மாறிவிட்டது. நமக்கு இது புதிதா என்ன? பல்லும் பொடியும் சேர்ந்தால் பற்பொடி. நாம் பழைய எழுத்தை எடுத்துவிட்டு 'ற்' போடுகிறோம். அவர்கள் புதிய ஒலியை முன்னால் ஒட்டிவிட்டு, பழையதையும் ஊமையாக அங்கேயே நிற்க விடுகிறார்கள். அந்த ஊமையைத்தான் நாம் உரக்கப் பாடித் தொலைக்கிறோம்.

தமிழில் எழுதிக்கொள்வது தப்பில்லை. ஐரிஷ் தெரிந்தவரை மெதுவாகச் சொல்லச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். தாளை மூடிவிட்டு, காதில் விழுந்ததை மட்டும் எழுதுங்கள். போன வாரம்கூட ஒரு தம்பி, "அக்கா, எல்லாம் எழுதிட்டேன்" என்று பெருமையாக நீட்டினான். முதல் சொல், 'சின்னே'.

கீதத்தை முழுதாகப் பாடுவது

1926-இல் அரசு ஏற்ற பாட்டில், கீதமாக ஒலிப்பது பல்லவி மட்டும்.

லண்டன்டெரி ஏர், சுருதி

'டேனி பாய்' பாட்டின் மெட்டு இதுதான். ஒன்றரை ஸ்தாயி போகும். உச்ச ஸ்வரத்தைப் பாடிப் பார்த்துவிட்டு அப்புறம் சுருதி வையுங்கள்.

'டேனி பாய்' புரட்சிப் பாட்டு என்று அறிமுகம் செய்வது

மெட்டு அயர்லாந்துடையது, 1855-இல் அச்சானது. 1913-இல் வெளியான பாட்டின் வார்த்தைகள் ஃபிரெடெரிக் வெதர்லி என்ற இங்கிலாந்து வக்கீலுடையவை.

வடக்கில் மேடை ஏறும்போது

வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. ரக்பி அணி தீவு முழுவதற்கும் ஒன்றுதான், ஆனால் தெற்கின் கீதத்தை எல்லாரும் தங்களுடையதாக நினைப்பதில்லை. அதனால்தான் 1995-இல் இசையமைப்பாளர் ஃபில் கூல்ட்டர் அந்த அணிக்கென்று தனிப் பாட்டு எழுதினார். வடக்கே பெல்ஃபாஸ்ட்டில் பாடுவதென்றால் பாடல் பட்டியலை முதலில் அமைப்பாளரிடம் காட்டுங்கள்.

பச்சைத் தொப்பி

வேண்டாம்.