பிள்ளை சிசிஏவில் சேர்ந்தாச்சு, இனி கோச்சிடம் யார் பேசுவது?

ஊரில் பள்ளி விளையாட்டு என்றால் பி.டி. சார்தான் எல்லாம். அணியைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, போட்டிக்கு பஸ் ஏற்றி அழைத்துப்போவது, வழியில் அப்பாவைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுவது என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். சிங்கப்பூரில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இது தெரியாததால்தான் புதிதாக வரும் பெற்றோருக்குப் பாதிச் சங்கடம் வருகிறது.

உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கை, அதாவது பாட வகுப்புக்கு வெளியே விளையாட்டு, இசை போன்ற ஏதாவது ஒன்று, கட்டாயம். பேச்சில் எல்லாருக்கும் அது சிசிஏதான். ஒவ்வொரு சிசிஏவுக்கும் பொறுப்பாசிரியர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். காலையில் கணக்கோ வரலாறோ நடத்துபவர், மாலையில் ஹாக்கித் திடலில் பெயர்ப் பட்டியலோடு நிற்பார். கோச் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒப்பந்தத்தில் வருபவர். தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் பதிந்தவராக இருப்பார். சொன்ன நேரத்துக்கு வந்து, பயிற்சி கொடுத்துவிட்டு, அடுத்த பள்ளிக்குக் கிளம்பிவிடுவார். உங்கள் பிள்ளைக்கு அடுத்த வாரம் தேர்வு என்பதோ, வீட்டில் பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்பதோ அவருக்குத் தெரிய வழியில்லை. அதெல்லாம் ஆசிரியரிடம் போக வேண்டிய செய்தி. ஆட்ட நுணுக்கம் மட்டும்தான் கோச்சின் பக்கம், அதையும் முதலில் பிள்ளையே கேட்க வேண்டும் என்றுதான் பள்ளி எதிர்பார்க்கிறது.

உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டான உயர்நிலை ஒன்றில் சேர்ந்த சில வாரங்களிலேயே சிசிஏ தேர்வும் நுழைவுச் சோதனையும் வந்துவிடும். இங்கே நம்மவர்களுக்கு முதல் ஏமாற்றம் கிரிக்கெட். அது சில பள்ளிகளில்தான் உண்டு. தெருக் கிரிக்கெட்டில் நாள் முழுக்கப் பந்து வீசிய பையனுக்கு உள்ளரங்க ஹாக்கி போன்ற ஃப்ளோர்பாலோ, காலால் ஆடும் கைப்பந்து போன்ற செப்பாக் தக்ராவோ கிடைக்கும். கிடைத்ததைக் குறைவாகப் பேசாமல் இருங்கள், புது மட்டையைப் பிடிக்கிற ஆர்வத்தைச் சாப்பாட்டு மேசையிலேயே அணைத்துவிட வேண்டாம். அந்த விளையாட்டைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதும் ஒரு விதத்தில் நல்லதுதான், பிள்ளைக்கு ஆலோசனை சொல்லத் தோன்றாது!

வருகைப் பதிவை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிசிஏவில் பிள்ளை எத்தனை ஆண்டு இருந்தது, என்ன பொறுப்பு வகித்தது, பள்ளிக்காக ஆடியதா என்பதையெல்லாம் லீப்ஸ் 2.0 என்ற முறையில் பதிவு செய்கிறார்கள். தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரிச் சேர்க்கையில் அதற்கு இரண்டு புள்ளி வரை சலுகை கிடைக்கும். ஓராண்டு கணக்கில் சேர வேண்டுமானால் 75 விழுக்காடு வருகை வேண்டும். அப்புறம், தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பெரிய பிள்ளைகள் ஆடும் பி பிரிவு, பல விளையாட்டுகளில் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். பொங்கலுக்கு டிக்கெட் போடுவதற்கு முன் போட்டி அட்டவணையைக் கேளுங்கள். டிக்கெட் போட்டுவிட்டு ஆசிரியரிடம் போய் நின்றால், அவர் முகம் சிரிக்கும், அணியில் இடம் போய்விடும். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது பிள்ளையைப் பயிற்சியிலிருந்து நிறுத்தி டியூஷனுக்கு அனுப்புவதும் இதே வகைதான். கூடைப்பந்து போன்ற நெட்பாலில் ஓர் அணிக்குக் களத்தில் ஏழு பேர். ஒருத்தி வராவிட்டால் மற்ற ஆறு பேரின் பயிற்சியும் கெடுகிறது.

இனி, எப்படிப் பேசுவது. பள்ளி அறிவிப்புகளும் ஒப்புதல் படிவங்களும் பேரண்ட்ஸ் கேட்வே செயலியில் வரும், அரசு இணையச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கு இருந்தால் போதும். ஆசிரியருக்கு எழுத வேண்டுமானால் பள்ளி மின்னஞ்சல்தான் சரியான வழி. ஆசிரியர்கள் தங்கள் கைப்பேசி எண்ணைப் பெற்றோருக்குத் தரத் தேவையில்லை, வேலை நேரத்துக்குப் பிறகு பதில் சொல்லவும் தேவையில்லை என்று கல்வி அமைச்சு 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. இரவு பத்தரைக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லையே என்று மனத்தாங்கல் வேண்டாம்.

ஆங்கிலம் சரளமாக வராதே என்ற தயக்கமும் வேண்டாம், நான்கு வரி போதும். இப்படி: "உயர்நிலை ஒன்று நெட்பால் அணியில் இருக்கும் இன்னாரின் அம்மா எழுதுகிறேன். கணுக்கால் சுளுக்கியதால் மருத்துவர் இரண்டு வாரம் ஓட வேண்டாம் என்கிறார், சான்றிதழை இணைத்திருக்கிறேன். உட்கார்ந்து பார்க்கவாவது பயிற்சிக்கு வர விரும்புகிறாள். வரலாமா?" யார், என்ன, என்ன வேண்டும். முடிந்தது. கூடவே ஒன்று: கல்வி அமைச்சுப் பள்ளிகளில் மாணவர்களுக்குக் குழு விபத்துக் காப்புறுதி உண்டு, மருத்துவமனை ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நோன்பு மாதம் போட்டிப் பருவத்தில் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைவச் சாப்பாடும் அப்படித்தான், போட்டிக்குப் பிறகு வரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்து பார்த்துவிட்டு முகம் சுளிப்பதைவிட மேல்.

நம்மவர்களிடம் இன்னொரு பழக்கம் உண்டு, பள்ளியின் தமிழாசிரியரைப் பிடிப்பது. "நீங்க நம்ம ஆளு, கோச்சுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்." பாவம், அவருக்கும் அந்த அணிக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. சொன்னால் வரம்பு மீறியவர் ஆவார், சொல்லாவிட்டால் உங்களுக்கு ஆகாதவர் ஆவார். அவரை அந்த இடத்தில் நிறுத்தாதீர்கள்.

பெரும்பாலான மனக்கசப்பு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: என் பிள்ளையை ஏன் உட்கார வைத்திருக்கிறார்கள்? கேட்கலாம், தப்பில்லை. ஆனால் ஆட்டம் முடிந்த அன்றைக்கே வேண்டாம். அன்று கோச்சும் சூடாக இருப்பார், நீங்களும் சூடாக இருப்பீர்கள், பக்கத்தில் பிள்ளை தலையைக் குனிந்து ஷூ லேஸை மூன்றாம் முறை கட்டிக்கொண்டிருக்கும். இரண்டு நாள் போகட்டும். முதலில் பிள்ளை போய்க் கேட்கட்டும்: "கோச், நான் எதைச் சரிசெய்தால் அடுத்த ஆட்டத்தில் இடம் கிடைக்கும்?" பதிமூன்று வயதில் இதைக் கேட்க நாக்கு எழாதுதான். வீட்டில் ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் தெளிவில்லை என்றால் நீங்கள் ஆசிரியருக்கு எழுதலாம். அப்போதும் உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் கேளுங்கள். "அந்தப் பெண்ணைவிட இவள் நன்றாகத்தானே ஆடுகிறாள்" என்ற வரி உள்ளே வந்தால் உங்கள் கடிதத்தின் மதிப்பு அங்கேயே போய்விடும். அடுத்தவர் பிள்ளையைப் பற்றி எந்த ஆசிரியரும் உங்களிடம் பேச மாட்டார்.

பெஞ்சில் உட்கார்வதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடி, 33 ஆண்டு நீடித்த தேசியச் சாதனையைப் படைத்த சிங்கப்பூர் ஓட்ட வீரர் சி. குணாளன், கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். பயிற்றுவிப்பாளர் டான் எங் யூன் அவரை ஓட்டத்துக்கு இழுத்தபோது அவருக்கு இருபது வயதைத் தாண்டியிருந்தது. உயர்நிலை ஒன்றில் முடிவாகிற விஷயம் எதுவும் இல்லை.

போட்டியைப் பார்க்கப் போகலாமா? போகலாம், பள்ளியிடம் கேட்டுக்கொண்டு. ஆட்டங்கள் பெரும்பாலும் வாரநாள் பிற்பகலில் நடக்கும், அரை நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். இன்னொரு பள்ளி வளாகத்தில் ஆட்டம் என்றால் வாயிற்காவலரிடம் அடையாள அட்டை காட்டிப் பதிய வேண்டும்.

ஓரத்தில் நின்று கத்துவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் மகளின் ஆட்டம் ஒன்றில், நம்மூர்க்காரர் ஒருவர் கயிற்றுக்கு வெளியே நின்று, "ஓடும்மா! பந்தை எடுத்துக்கிட்டு ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தினார். நெட்பாலில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடவே கூடாது, மூன்று விநாடிக்குள் அடுத்தவருக்கு வீசிவிட வேண்டும். அந்தப் பெண் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே மூன்று விநாடி போய்விட்டது. நடுவர் விசில் ஊதினார், பந்து எதிரணிக்கு. அந்த அப்பா விடவில்லை, "இந்த அம்மாவுக்குக் கண்ணே தெரியலை" என்று நடுவரைப் பற்றித் தமிழில் ஏதோ சொன்னார். எதிரணியில் தடுப்பு ஆட்டம் ஆடிய தமிழ்ப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். வெளிநாடுதானே, தமிழில் சொன்னால் யாருக்கும் புரியாது என்று நினைக்காதீர்கள், இது சிங்கப்பூர். இங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. அடுத்த இடைவேளையில் கோச் அவர் மகளை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றிவிட்டார், அப்பா சத்தம் எட்டாத தூரத்துக்கு.

கைதட்டுங்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துங்கள். எதிரணி நல்ல கோல் போட்டாலும் இரண்டு தட்டுத் தட்டுங்கள், இங்கே பிள்ளைகளே அதைச் செய்வதைப் பார்ப்பீர்கள். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாகக் கைகுலுக்கி, நடுவருக்கும் எதிரணி கோச்சுக்கும் நன்றி சொல்லும். அது முடியும்வரை பிள்ளையைக் கூப்பிட்டுப் பையை எடுக்கச் சொல்லாதீர்கள். எப்படி விளையாட வேண்டும் என்று சொல்வது கோச்சின் வேலை. நீங்களும் ஒரு பக்கம் சொன்னால், பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்? மற்றப் பிள்ளைகள் இருக்கும் வீடியோவைக் கேட்காமல் முகநூலில் போடுவதும் வேண்டாம். மின்னல் எச்சரிக்கை வந்து ஆட்டத்தை நிறுத்தினால், வெயில்தானே அடிக்கிறது என்று வாதாடவும் வேண்டாம். மின்னல் அதிகம் விழும் ஊர் இது, பள்ளிகள் அதில் சமரசம் செய்யாது.

பெற்றோர் வாட்ஸ்அப் குழு ஒன்றில் உங்களையும் சேர்ப்பார்கள். பஸ் எத்தனை மணிக்கு, ஜெர்சி என்ன நிறம் என்பதற்கு அது போதும். கோச்சைப் பற்றிய புலம்பலை அங்கே போட்டால், அதன் படம் அன்று மாலைக்குள் ஆசிரியரிடம் போயிருக்கும்.

இதுவரை சொன்ன பொறுமை ஒரு விஷயத்துக்கு மட்டும் பொருந்தாது. அடிப்பது, கேவலமாகத் திட்டுவது, தோல் நிறத்தையோ இனத்தையோ சொல்லிக் கேலி செய்வது, தவறாகத் தொடுவது, தனியாகச் செய்தி அனுப்புவது இதெல்லாம் நடந்தால் இரண்டு நாள் காத்திருக்கவும் வேண்டாம், பிள்ளையைப் போய்ப் பேசச் சொல்லவும் வேண்டாம். எப்போது, எங்கே, யார் இருந்தார்கள் என்று எழுதிவைத்துக்கொண்டு நேரே ஆசிரியரிடமும் பள்ளி முதல்வரிடமும் போங்கள். "கோச் என்றால் நாலு அடி அடிப்பார்தான்" என்று ஊரில் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சை இங்கே யாரும் ஏற்க மாட்டார்கள். விளையாட்டில் நடக்கும் துன்புறுத்தலை விசாரிக்க இங்கே பாதுகாப்பான விளையாட்டு ஆணையமும் இருக்கிறது. வேலை அனுமதியில் வந்திருக்கிறோம், புகார் கொடுத்தால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுவதற்கும் உங்கள் அனுமதி அட்டைக்கும் சம்பந்தமில்லை.

நன்றி சொல்ல ஆசையாக இருந்தால் பிள்ளை கையால் எழுதிய அட்டை போதும். ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள், பரிசு வாங்குவதில் அவர்களுக்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. தீபாவளி முறுக்கு கொண்டுபோனால் அணி முழுவதற்கும் கொண்டுபோங்கள், கோச்சுக்கு மட்டும் தனிப் பை வேண்டாம். வேர்க்கடலை சேர்ந்திருந்தால் அதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.