அளவுருக்களால் ஒரு பேரிங் ஹவுசிங்: ஸ்கெட்ச் முதல் மில்லிங் வரை

அளவுரு சார்ந்த வடிவமைப்பில் நாம் உருவாக்குவது ஒரு வடிவத்தை அன்று. சில எண்களையும், அவற்றுக்கிடையே உள்ள உறவுகளையும், அந்த உறவுகளிலிருந்து வடிவத்தைத் திரும்பத் திரும்ப உருவாக்கிக்கொள்ளும் ஒரு முறையையும்தான். ஆகவே கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே, எந்த எண் வெளியிலிருந்து வருகிறது, எதை நாம் தீர்மானிக்கிறோம், எது மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதைத் தாளில் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். இந்த வழிகாட்டியில் 608 வகை பேரிங் ஒன்றைத் தாங்கி, இரண்டு எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகளால் தட்டையான பரப்பில் பொருத்தப்படும் ஒரு செவ்வக ஹவுசிங்கை, அதாவது பேரிங்கின் உறையை, எடுத்துக்கொள்வோம்.

608 பேரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ., அகலம் 7 மி.மீ. எம்6 போல்ட்டுக்கான துளை 6.6 மி.மீ.; தலையில் அறுகோணக் குழியுள்ள ஆலன் போல்ட்டாக இருந்தால் அதன் தலையின் விட்டம் 10 மி.மீ. இவை வெளியிலிருந்து வருபவை. நாம் மாற்ற இயலாதவை. பேரிங் துளைக்கும் போல்ட் தலைக்கும் இடையில் விடப்படும் சுவர்த் தடிமன் 6 மி.மீ., பேரிங்கின் கீழ் நிற்கும் அடித்தளம் 5 மி.மீ. என்பவை நம் முடிவுகள். மற்ற அனைத்தும் சூத்திரங்களே. போல்ட் மையங்களின் இடைவெளி பேரிங் விட்டம், சுவர்த் தடிமனின் இரு மடங்கு, போல்ட் தலை விட்டம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை, அதாவது 44 மி.மீ.; அதனுடன் தலை விட்டத்தின் இரு மடங்கைச் சேர்த்தால் மொத்த நீளம் 64; பேரிங் விட்டத்துடன் சுவரின் இரு மடங்கைச் சேர்த்தால் அகலம் 34; பேரிங் அகலத்துடன் அடித்தளத்தைச் சேர்த்தால் உயரம் 12. மென்பொருளின் அளவுருப் பட்டியலில் இவற்றை உள்ளிடும்போது, மென்பொருள் தானாகத் தரும் வரிசை எண் பெயர்களை விட்டுவிட்டு, சுவர்_தடிமன், போல்ட்_இடைவெளி என்பது போன்ற பொருளுள்ள பெயர்களைச் சூட்டுவது நல்லது. சில மென்பொருள்கள் தமிழ் எழுத்துகளை ஏற்பதில்லை. அங்கே ஒலிபெயர்த்து எழுதிக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் சூத்திரமாக்கிவிட வேண்டும் என்ற ஆசை இங்கேதான் எழும். பேரிங் அமரும் குழியின் அடியில், அதன் வெளிவளையம் மட்டும் சாய்ந்து நிற்பதற்கு ஒரு படி தேவைப்படுகிறது. படியின் அகலத்தை ஒவ்வொரு பக்கமும் 1.5 மி.மீ. என வைத்தால், 608-க்குப் படியின் நடுவே எஞ்சும் அடித்துளை 19 மி.மீ. ஆகிறது; அது பொருத்தமானதே. அதே சூத்திரத்துடன் 32 மி.மீ. வெளிவிட்டமுள்ள 6201 பேரிங்குக்கு மாறினால் அடித்துளை 29 மி.மீ. ஆகிவிடும், அந்த பேரிங்குக்கு உற்பத்தியாளர் அட்டவணைகள் அனுமதிக்கும் உச்ச அளவோ சுமார் 28 மி.மீ. மட்டுமே. வெளிவளையத்தின் தடிமன் விட்டத்துக்கு நேர் விகிதத்தில் வளர்வதில்லை என்பதால், இந்த அளவை அட்டவணையிலிருந்து நேரடியாக எடுத்து, வெளியிலிருந்து வரும் எண்களின் வரிசையிலேயே வைக்க வேண்டும். தற்செயலாகப் பொருந்திய ஒரு விகிதத்தை உறவு என்று கருதிச் சூத்திரமாக எழுதுவதுதான் இத்தகைய மாதிரிகளில் மிகவும் ஆபத்தான பிழை என்பேன். ஏனெனில் மென்பொருள் அதற்கு எந்த எச்சரிக்கையும் தராது.

இனி ஸ்கெட்ச், அதாவது பொருளுக்கு அடிப்படையாகும் தட்டை வரைபடம். செவ்வகத்தை மூல அச்சுகளின் இருபுறமும் சமச்சீராக அமைத்தால், அதன் இடம் நிலைபெற்றுவிடுகிறது. நீளமும் அகலமும் மட்டுமே எஞ்சும். வட்டம் ஒன்றுக்கு மையத்தின் இரு ஆயங்கள், ஆரம் என மூன்று விடுதலைகள் (தனித்தனியே மாறக்கூடிய அளவுகள்) உண்டு. மையத்தை மூலப் புள்ளியில் பொருத்தி, விட்டத்தை அளவுருவுடன் இணைத்தால் மூன்றும் அடங்கிவிடும். இத்தகைய கட்டுப்பாடுகளைக் கணினி தானே தீர்த்துக்கொள்ளும் என்று இவான் சதர்லேண்ட் 1963-இல் ஸ்கெட்ச்பேட் என்ற தம் வரைதல் மென்பொருளின் வழியே காட்டினார். இன்றைய மென்பொருள்களும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஸ்கெட்ச் முழுமையாகக் கட்டுப்பட்டதை நிறமாற்றம் காட்டும் வரை அடுத்த படிக்குச் செல்லாதிருப்பது நல்லது.

துளைகளுக்கான ஸ்கெட்சுகளைப் பொருளின் முகங்களில் வரையாமல், மூலத் தளங்களிலோ அளவுருவால் தள்ளிவைக்கப்பட்ட துணைத் தளங்களிலோ வரைய வேண்டும். முகங்களும் விளிம்புகளும் மாதிரி மீண்டும் கணக்கிடப்படும்போது புதிய அடையாளம் பெறக்கூடும். அப்போது அவற்றைச் சார்ந்த துளை வேறிடத்துக்குத் தாவிவிடும். ஃப்ரீகேட் மென்பொருளில் நெடுங்காலம் இருந்த இந்தச் சிக்கல், 2024-இல் வெளியான 1.0 பதிப்பில் பெருமளவு தணிந்தது. ஃபிலட் (விளிம்பை வளைவாக்குவது), சேம்ஃபர் (விளிம்பைச் சரிவாகச் சீவுவது) ஆகியவை விளிம்புகளைச் சார்ந்தே நிற்பவை என்பதால் அவற்றைக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

மாதிரி முடிந்ததும் 22, 7, 19 என்ற மூன்று எண்களையும் 6201-க்கு உரிய 32, 10, 27.5 என்று மாற்றிப் பார்க்கவும். போல்ட் இடைவெளி 54, நீளம் 74, அகலம் 44, உயரம் 15 என்று வர வேண்டும். பிறகு சுவர்த் தடிமனை 1 மி.மீ. அளவுக்குக் குறைத்தும், இரு மடங்காக்கியும் பார்க்கலாம். உடையும் இடம் எதுவோ அங்கே ஒரு உறவு விடுபட்டிருக்கிறது.

எந்திரப் பணிக்கு வரும்போது, வெட்டும் கருவியும் ஒரு அளவுருவாகிறது. எடையைக் குறைக்க ஹவுசிங்கில் செவ்வகக் குழிகள் சேர்ப்பதாக இருந்தால், உள்மூலையின் ஆரம் எண்ட் மில் எனும் சுழலும் வெட்டுக் கருவியின் ஆரத்தைவிடச் சற்றுப் பெரிதாக, எடுத்துக்காட்டாக 6 மி.மீ. கருவிக்கு 3.5 மி.மீ. என, கருவி விட்டத்தின் பாதியுடன் 0.5 கூட்டிய சூத்திரமாக இருக்கட்டும். இரண்டும் சமமானால் கருவி மூலையில் நின்று திரும்ப வேண்டியிருக்கும். வெட்டுச் சுமை அங்கே திடீரென உயர்ந்து அதிர்வுத் தழும்புகள் விழும். ஆழத்தையும் கவனிக்க வேண்டும். வழக்கமான 6 மி.மீ. எண்ட் மில்லின் வெட்டும் நீளம் 13 மி.மீ.; 12 மி.மீ. உயரமுள்ள 608 ஹவுசிங்கின் வெளிச்சுற்றை, அடியில் 0.5 மி.மீ. கூடுதலாக இறக்கி, அதனால் வெட்டிவிடலாம். 15 மி.மீ. உயரமுள்ள 6201 ஹவுசிங்கில் அதே கருவியின் வெட்டாத தண்டு உலோகத்தில் உரசும். கேட் மாதிரி எந்தக் குறையுமின்றி மாறியிருக்கும். கருவி செல்லும் பாதையும் புதிதாகக் கணக்கிடப்பட்டிருக்கும். தண்டையும் கருவியைப் பிடித்திருக்கும் ஹோல்டரையும் சேர்த்துச் சோதிக்கும் சிமுலேஷனை ஓட்டினால் மட்டுமே இது தெரியவரும்.

கருவிப் பாதைகளை உருவாக்கும் கேம் (CAM) பகுதியில் ஆழங்களை எண்ணாகத் தட்டாமல் மாதிரியின் அடிமுகத்தைச் சுட்டி அமைக்கவும். கச்சாப் பொருளின் அளவையும் மாதிரியைச் சுற்றி 2 மி.மீ. கூடுதல் என்று உறவாகவே கொடுக்கவும். எந்திரம் அளவுகளை எண்ணத் தொடங்கும் ஜி54 மூலப் புள்ளியை பேரிங் துளையின் மையத்தில் வைப்பது இந்தப் பொருளுக்கு ஏற்றது. மூலையில் வைத்தால், நீளம் மாறும்போதெல்லாம் மையம் அதிலிருந்து விலகிச் செல்லும்.

பேரிங் துளைக்கு எச்7 (துளை அளவில் அனுமதிக்கப்படும் விலகலின் ஒரு தர வகுப்பு) பொருத்தம் எடுத்தால், 22 மி.மீ. விட்டத்தில் அனுமதி 0 முதல் +0.021 மி.மீ. வரை, 32 மி.மீ. விட்டத்தில் +0.025 வரை. இந்த வரம்பின் நடு அளவை ஒரு தனி அளவுருவாக வைத்து, துளையின் விட்டத்துடன் மட்டும் கூட்டலாம்; பேரிங் விட்டத்திலேயே கலந்துவிட்டால் ஹவுசிங்கின் நீளத்திலும் அகலத்திலும் பொருளற்ற தசமங்கள் ஏறிவிடும். கருவித் தேய்மானத்தை மாதிரியில் தொடாமல் எந்திரத்தின் ஆஃப்செட்டில் (கருவி அளவுக்கான திருத்த மதிப்பில்) சரிசெய்ய வேண்டும். மென்பொருள்களுக்கிடையே வடிவத்தைப் பரிமாறப் பயன்படும் ஸ்டெப் (STEP) கோப்பாக ஏற்றுமதி செய்தால் பொதுவாக வடிவம் மட்டுமே செல்லும், அளவுருக்கள் செல்லாது. கேம் வேலை வேறு மென்பொருளில் நடப்பதாக இருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கோப்பை மீண்டும் அனுப்பிப் பாதைகளைப் புதிதாக இணைக்க வேண்டியிருக்கும்.

கேட் மாதிரியில் ஓர் எண்ணை மாற்றியதால் எந்திரத்தில் ஏற்கெனவே ஏற்றப்பட்ட ஜி-கோடு, அதாவது அதை இயக்கும் கட்டளைகள், மாறிவிடாது. பாதைகளை மீண்டும் கணக்கிட்டு, சிமுலேஷன் பார்த்து, பாதைகளை எந்திரத்துக்குரிய கட்டளைகளாக மாற்றும் போஸ்ட் பிராசசர் வழியே புதிய கோப்பை எடுத்து, அதன் பெயரிலேயே பேரிங் எண்ணையும் திருத்த எண்ணையும் சேர்த்துவிட்டு, பழைய கோப்பை எந்திரத்தின் நினைவகத்திலிருந்து நீக்கவும்.